முகவரி உள்ள இசை: மயாமியிலிருந்து ஃபிலடெல்ஃபியா வரை

மே 17, ஃபோர்ட் லாடர்டேல்

அமெரிக்க இசையமைப்பாளர், வயலின் கலைஞர் டேனியல் பெர்னார்ட் ருமேன் எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளுக்கு எண்ணோடு ஆள் பெயரும் உண்டு. முதலாவது கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ். இரண்டாவது மார்ட்டின் லூதர் கிங். அப்புறம் நியூயார்க்கின் ஹார்லெமிலிருந்து நாடாளுமன்றம் போன ஆடம் க்ளேட்டன் பவல், கவிஞர் மாயா ஏஞ்சலோ, ஐந்தாவதாக, பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று ஹைடன் காலத்தில் நிலைபெற்ற அதே நால்வர் அமைப்புதான். அதற்குள்ளே ஃபங்க், ஹிப் ஹாப், ராக் எல்லாம் ஓடும். இது தவிர, ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஒரு தெருவைப் பற்றி முழுநீள ஆபரா, அதாவது இசை நாடகம், ஒன்றும் எழுதியிருக்கிறார்.

பல வருடமாக ஹெட்ஃபோனில் கேட்டுவரும் இசை. இவர் யாருக்காக, எந்த இடத்துக்காக எழுதுகிறாரோ அந்த இடங்களில் போய் நின்று கேட்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. இந்த மே மாதம்தான் கூடிவந்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1970-ல் இல்லினாய் மாநிலம் ஸ்கோக்கியில் பிறந்தவர். பெற்றோர் ஹெய்ட்டியிலிருந்து வந்து குடியேறியவர்கள். வளர்ந்தது தென் ஃப்ளோரிடாவில். ஐந்து வயதில் வயலினைக் கையில் எடுத்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, மிச்சிகனில் முனைவர் பட்டம். அங்கே இசையமைப்பாளர் வில்லியம் போல்காமிடம் பாடம் கேட்டவர். அதன் பிறகு ஹார்லெமில் குடியேறி, பில் டி. ஜோன்ஸின் நடனக் குழுவுக்கு இசை இயக்குநராக இருந்தார். இப்போது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வழக்கமான வயலினோடு ஆறு தந்தி மின் வயலினும் வாசிப்பார். அமெரிக்காவில் பலர் அவரை டி.பி.ஆர். என்றே சொல்கிறார்கள்.

அவர் படித்த பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. டில்லர்ட் உயர்நிலைப் பள்ளி, அதன் கலைப் பிரிவு. நடக்கிற பள்ளிக்குள் வெளியாள் நுழைய முடியாது, அது நியாயம்தான். ஆனால் பள்ளியின் பழைய கட்டடம் அருங்காட்சியகமாகி நிற்கிறது. சிஸ்ட்ரங்க் சாலையிலிருந்து உள்ளே இரண்டு தெரு நடந்தால் வந்துவிடும். 1924-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று கட்டிய பள்ளி அது. ஓக் மரநிழல், இரண்டு மாடி, பெரிய ஜன்னல்கள். சிஸ்ட்ரங்க் என்பதும் இங்கே வாழ்ந்த கறுப்பின மருத்துவர் ஒருவரின் பெயர்தான். வெள்ளையர் மருத்துவமனைகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் ஊருக்கே வைத்தியம் பார்த்தவர்.

உள்ளே ஜாஸ் இசைக்கென்று ஓர் அறை இருக்கிறது. 1940களின் கடைசியில் இந்தப் பள்ளியின் பேண்டு வாத்தியாராக இருந்தவர் கேனன்பால் ஆடர்லி! நியூயார்க் போய் ஜாஸ் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே சாக்ஸபோன்காரர், அதற்கு முன்னால் இங்கே பையன்களுக்கு ஸ்கேல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளியின் ஜாஸ் குழு இன்றைக்கும் தேசிய அளவில் பரிசு வாங்குகிற குழு. ருமேன் வயலினோடு உள்ளே நுழைந்தபோது அங்கே முப்பது, நாற்பது வருட ஜாஸ் ஏற்கெனவே குடியிருந்தது.

பள்ளிக்கு வெளியேயும் ஒரு சத்தம் இருந்தது. அவருடைய பதின்ம வயதில், 1980களின் நடுவில், இந்தக் கடற்கரை முழுக்க மயாமி பேஸ் என்ற ஹிப் ஹாப் வகைதான். 808 டிரம் மெஷினின் அடித்தாளத்தை நீட்டி இழுத்து, கார் டிக்கி நிறைய ஸ்பீக்கரை வைத்து, தெருவே அதிர ஓட்டிக்கொண்டு போவார்கள். இன்றைக்கும் சிஸ்ட்ரங்கில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்து அந்த அதிர்வு வந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சில்தான் படுகிறது. அவருடைய குவார்டெட்டுகளில் செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு தாளமாக அடிக்கும் இடங்களை இனிமேல் எப்படிக் கேட்பேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மே 18, லிட்டில் ஹெய்ட்டி, மயாமி

இன்றைக்கு ஹெய்ட்டியின் கொடி நாள். தேதியைப் பார்த்துத்தான் பயணத்தையே வகுத்தேன். 1803 மே 18-ல் ஆர்க்கஹே என்ற ஊரில் விடுதலைப் படையின் தலைவர் டெஸ்ஸலீன் பிரெஞ்சு மூவர்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார் என்றும், மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கேத்தரின் ஃப்ளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார் என்றும் சொல்வார்கள். அடுத்த வருடம் 1804 ஜனவரி 1-ல் விடுதலை. அடிமைகள் எழுந்து நின்று தாங்களே நாடாக்கிக்கொண்ட மண். அதற்குத் தண்டனையாக 1825-ல் பிரான்ஸ் 15 கோடி ஃபிராங்க் நஷ்ட ஈடு கேட்டது. அதாவது, விடுதலையானவர்கள் தங்கள் பழைய எஜமானர்களுக்குப் பணம் கட்ட வேண்டும்! அந்தக் கடன் தலைமுறை தலைமுறையாக நாட்டை உறிஞ்சியது. ஹெய்ட்டி என்றதும் வறுமை என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ரயிலில் மயாமி வந்து, பஸ் பிடித்து வடக்கே 62-ஆம் தெருவில் இறங்கினேன். வடக்கு மயாமி அவென்யூ முனையில், ஹெய்ட்டி விடுதலைப் போரை முன்னின்று நடத்திய டூசான் லுவெர்ட்டியூரின் வெண்கலச் சிலை. கழுத்தில் கொடியைச் சுற்றிக்கொண்ட பிள்ளைகள் சிலையின் காலடியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நெப்போலியனின் ஆட்களிடம் பிடிபட்டு, பிரான்ஸின் குளிர்மலைச் சிறையில் 1803 ஏப்ரலில் இறந்தவர் அவர். விடுதலையைப் பார்க்கவில்லை.

59-ஆம் தெரு பக்கம் கரீபியன் சந்தை. போர்ட்டோ பிரின்ஸின் இரும்புச் சந்தையை மனதில் வைத்துக் கட்டியது, மஞ்சளும் நீலமும் பச்சையுமாக. மத்தியானம் அங்கே ஒரு தட்டில் டிரி ஜோன் ஜோன் வாங்கிச் சாப்பிட்டேன். ஒருவகைக் காளானை ஊறவைத்த கறுப்புத் தண்ணீரில் வேகவைத்த சோறு அது. கூடவே பிக்லீஸ். முட்டைக்கோஸ், கேரட், ஸ்காட்ச் பானெட் மிளகாய் போட்டு வினிகரில் ஊறிய ஊறுகாய். காரம் என்றால் அப்படி ஒரு காரம். பரிமாறிய அம்மா, "கொஞ்சமாகப் போட்டுக்கொள்" என்று சைகை காட்டினார். நான் இன்னொரு கரண்டி கேட்டதும் அடுப்படியில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

மூன்று மணி வாக்கில் தெருவில் ராரா கூட்டம் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ராரா என்பது தவக்காலத்திலும் ஈஸ்டரிலும் ஹெய்ட்டியின் தெருக்களில் போகும் ஊர்வல இசை. கொண்டாட்டம் என்றால் மற்ற நாள்களிலும் புறப்பட்டுவிடும். அதன் உயிர் வாக்ஸின் என்ற மூங்கில் குழல். அதில் துளை கிடையாது. ஒரு குழலில் ஒரு சுரம்தான் வரும். நீளமான குழல் கீழ்ச்சுரம், குட்டையானது மேல்ச்சுரம். ஐந்தாறு பேர் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, தன் சுரம் வர வேண்டிய நொடியில் மட்டும் ஊதுகிறார்கள். தேர் வடத்தில் கை வைத்தவர்கள் தாங்களே நேரம் பார்த்து இழுப்பதுபோல் ஒவ்வொருவரும் தன் இடத்தில் சேர, ராகம் கூட்டத்துக்கு நடுவில் பிறக்கிறது. தனியாக ஒருவர் கையிலும் அது இல்லை. ஊதாத நேரத்தில் ஒரு குச்சியால் குழலின் முதுகிலேயே தட்டித் தாளமும் போடுகிறார்கள். என் அருகே வந்தவரின் குழல் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றியிருந்தார். அதில் எச்சிலும் வியர்வையும் மின்னின. கன்னம் உப்பி இறங்கும் வேகத்தில் அவர் எண்ணுகிறாரா, எண்ணாமலே வருகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்தாவது குவார்டெட்டின் கடைசிப் பகுதிக்கு ருமேன் வைத்த பெயர் 'ஐசோரிதமிக்லேஷனிஸ்டிக்'. 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு தேவாலய இசையில், ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் வேறு நீளமுள்ள சுரவரிசையை ஏற்றும் முறை ஒன்று உண்டு. ஐசோரிதம் என்ற அந்த முறையின் பெயரை ராப் பாடகர் இழுக்கிற மாதிரி இழுத்து நீட்டிவைத்த தலைப்பு அது. நான்கு பேர் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு கோர்க்கிற அந்த இசையை இதுவரை அந்த நூற்றாண்டின் பிரெஞ்சு இசையமைப்பாளர் மச்சோ காலத்தோடு மட்டும் சேர்த்து யோசித்திருந்தேன். இன்றைக்கு ராரா போன பிறகு கேட்டேன். அவர் எதை நினைத்து எழுதினாரோ எனக்குத் தெரியாது, எனக்கு மூங்கில் குழல்கள்தான் கேட்டன.

இன்னொன்றும் இங்கேதான் உறைத்தது. கிளாசிக்கல் இசை ஐரோப்பியருடையது, தாளம் ஹெய்ட்டியுடையது, இவர் இரண்டையும் ஒட்டவைக்கிறார் என்று எழுதுகிறார்கள். ஹெய்ட்டியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விடுதலைக்கு முன்பே, 1780களில், போர்ட்டோ பிரின்ஸ் நாடக அரங்கில் மினெட் என்ற கலப்பினப் பெண் பிரெஞ்சு ஆபராவில் பாடிப் பேர் வாங்கியிருக்கிறாள். பிரெஞ்சுக்காரர்களின் கோந்த்ரதான்ஸ் நடனத்தைத் தோட்டத்து மக்கள் எடுத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். லுடோவிக் லாமோத் என்ற பியானோக்காரர் ஷோப்பான் பாணியையும் ஹெய்ட்டியின் மெரேங் நடன இசையையும் ஒரே பியானோவில் வாசித்து 1953 வரை வாழ்ந்தார். வயலின் அங்கே இருநூறு வருடத்துக்கு மேலாக வீட்டுப் பிள்ளை. நமக்கும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் சென்னைக் கோட்டை ஐரோப்பியர்களின் கையிலிருந்து பாலுசுவாமி தீட்சிதர் வழியாக வயலின் வந்தது. நாம் அதைத் தரையில் உட்கார்ந்து கணுக்காலில் சாய்த்து வைத்துக்கொண்டோம். இன்றைக்கு நம்மில் யாரும் கர்நாடக வயலினைக் 'கலப்பு' என்று சொல்வதில்லை. ருமேனுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம். 2002-ல் அவர் எழுதிய வூடூ வயலின் கான்செர்ட்டோவை அப்படிக் கேட்டால்தான் அதன் துணிச்சல் பிடிபடுகிறது.

புத்தகக்கடை ஒன்றில் க்ரேயோல் மொழிச் சிறுகதைகள் அடுக்கியிருந்தார்கள். படிக்கத் தெரியாது, இருந்தாலும் ஒன்று வாங்கினேன்.

மே 19, நியூயார்க்

காலை விமானம் தாமதம். லகார்டியாவில் இறங்கி எம்60 பஸ்ஸைப் பிடித்து 125-ஆம் தெருவுக்கு வந்தபோது மாலை. இன்றைக்கு மால்கம் எக்ஸின் பிறந்தநாள். வருடாவருடம் இந்த நாளில் மத்தியானம் கடைகளை மூடச்சொல்லி 125-ஆம் தெருவில் ஊர்வலம் போகும். நான் வந்தபோது அது முடிந்து ஷட்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன. தங்கை மகள் அங்கே காத்திருந்தாள். தங்கை குடும்பம் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறது. செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். எஞ்சினியரிங் படிக்கிறாள், கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் வயலினும் வாசிக்கிறாள்.

"பெரியம்மா, பெட்டியை என்கிட்ட கொடுங்க. சாப்பிட்டீங்களா?"

"அப்புறம் சாப்பிடலாம்டீ. ஆறு மணிக்குள்ள ஆடுபான் போய்ச் சேரணும்."

ஏ ரயிலில் 168-ஆம் தெரு. அங்கிருந்து பிராட்வேயில் கீழே இறங்கி நடந்தால் 165-ஆம் தெரு முனையில் ஆடுபான் அரங்கு. 1965 பிப்ரவரி 21 ஞாயிறு, மேடையில் பேச எழுந்த மால்கம் எக்ஸை மனைவி, பிள்ளைகள் கண்ணெதிரே சுட்டுக்கொன்ற இடம்.

கட்டடம் 1912-ல் தாமஸ் லாம்ப் வடிவமைத்தது. சினிமா முதலாளி வில்லியம் ஃபாக்ஸுக்காகக் கட்டியதால் முகப்பில் சுடுமண் நரித்தலைகள் வரிசையாக இருக்கின்றன. பழுப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் பூசி, காதைக் கூர்மையாக நிமிர்த்திக்கொண்டு. மேலே கப்பலின் முனையிலிருந்து கடல்தேவன் எட்டிப் பார்க்கிறான். கேளிக்கைக்குக் கட்டிய கட்டடம் என்பது ஒவ்வொரு செங்கல்லிலும் தெரிகிறது. அந்த உற்சாகமான முகப்பின் கீழே நின்றுகொண்டு உள்ளே நடந்ததை நினைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பின்பகுதியை இடித்துவிட்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். மக்கள் போராடியதால் முகப்பும் அரங்கின் ஒரு பகுதியும் தப்பின. 2005 முதல் அது மால்கம் எக்ஸ், அவர் மனைவி பெட்டி ஷபாஸ் இருவரின் நினைவு மையம். பிறந்தநாள் என்பதால் வாசலில் நல்ல கூட்டம்.

முதல் குவார்டெட்டை ருமேன் 1993-ல் எழுதினார். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். பெதோவனின் குவார்டெட்டுகளில் ரசுமோவ்ஸ்கி என்ற ரஷ்யத் தூதரின் பெயர் நிற்கிறது, பணம் கொடுத்தவர் என்பதால். ஹைடன், மோட்சார்ட் காலத்திலும் பிரபுக்களின், அரசர்களின் பெயர்கள். அந்த இடத்தில் மால்கம் எக்ஸின் பெயரை எழுத ஒரு இளைஞனுக்குத் தோன்றியிருக்கிறது. அதைத் தன் வழக்கமாகவே வைத்துக்கொண்டார் என்பதுதான் என்னை இவர்பால் இழுத்த முதல் விஷயம்.

மே 20, ஹார்லெம்

எடிசனிலிருந்து காலை ரயிலில் இருவரும் மறுபடி வந்தோம்.

முதலில் 125-ஆம் தெருவும் ஆடம் க்ளேட்டன் பவல் சாலையும் சந்திக்கும் சதுக்கம். பிரான்லி கேடே செய்த பவல் சிலை, சரிவான மேடையில் மேல்நோக்கி விரைந்து ஏறுகிறது. கோட்டின் நுனி பின்னால் பறக்கிறது. 1930களில் இந்தத் தெருவிலேயே, 'எங்களுக்கு வேலை கொடுக்காத கடையில் நாங்கள் வாங்க மாட்டோம்' என்று போராட்டம் நடத்தியவர். 138-ஆம் தெருவிலுள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். 1945-ல் நாடாளுமன்றம் போனார். 1967-ல் முறைகேட்டுப் புகார்களைச் சொல்லி அவருக்குப் பதவிப் பிரமாணம் மறுத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவரை அப்படி வெளியே நிறுத்த முடியாது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குறைகள் உள்ள மனிதர்தான். ஹார்லெம்காரர்கள் அவற்றையும் சேர்த்தே அவரை நேசித்தார்கள். மூன்றாவது குவார்டெட் இவருக்கு.

120-ஆம் தெருவில் மாயா ஏஞ்சலோ கடைசிக் காலத்தில் வைத்திருந்த பழுப்புக்கல் வீட்டு வரிசையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தோம். யாரோ குடியிருக்கிற தெரு, அங்கே நின்று கொண்டிருக்க மனம் வரவில்லை.

ஷாம்பர்க் மையம்தான் இன்றைய நாளின் பெரிய விஷயம். 135-ஆம் தெரு. கறுப்பின வரலாற்றுக்கான ஆவணக் காப்பகம். மால்கம் எக்ஸின் தாள்களும் ஏஞ்சலோவின் தாள்களும் இங்கே இருக்கின்றன. நுழைந்ததும் ஒரு கூடம், தரையில் நதிகள் வளைந்தோடும் வட்டச் சித்திரம். அதன் அடியில் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸின் அஸ்தியை வைத்திருக்கிறார்கள். தங்கை மகள் அதை மிதித்துவிடாமல் ஓரமாக நடந்தாள்.

ஹ்யூஸுக்கும் ஹெய்ட்டிக்கும் இருந்த உறவு எனக்கு முக்கியம். 1931-ல் அங்கே போய்த் தங்கியவர். டெஸ்ஸலீனைப் பற்றி அவர் எழுதிய ஆபரா நூலுக்கு வில்லியம் கிராண்ட் ஸ்டில் இசையமைத்தார். 'ட்ரபிள்ட் ஐலண்ட்' என்று பெயர். 1949-ல் நியூயார்க் சிட்டி ஆபரா அதை மேடையேற்றியது. அமெரிக்காவின் பெரிய ஆபரா நிறுவனம் ஒன்று கறுப்பின இசையமைப்பாளரின் படைப்பை மேடையேற்றியது அதுதான் முதல் தடவை. அந்த முதல் தடவையின் கதையே ஹெய்ட்டிதான்! ருமேனின் வேலைக்கு இவ்வளவு ஆழமாக வேர் இருப்பது ஹார்லெம் வந்தால்தான் தெரிகிறது.

அப்போலோ தியேட்டரில் உள்ளே ஒத்திகையோ என்னவோ, முகப்பை மட்டும் பார்த்தோம். 2017 அக்டோபரில் ருமேனின் ஆபரா இங்கேயும் நடந்தது. நாளை அதன் ஊருக்கே போகிறோம்.

ராத்திரி தங்கை வீட்டில், சாப்பாடு முடிந்து, "அந்த ஃபில்டரை வாசித்துக் காட்டேன்" என்று கேட்டேன். ருமேன் 1992-ல் தனி வயலினுக்கு எழுதிய சின்ன உருப்படி. வயலின் கலைஞர் ரேச்சல் பார்ட்டன் பைன் தன் ஆல்பம் ஒன்றில் வாசித்திருக்கிறார். இவள் அதைக் கேட்டுக் கொஞ்ச நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"இடது கையைப் பார்க்காதீங்க பெரியம்மா. வில்லு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க."

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி வில்லை வைத்து இழுத்தாள். கண்ணாடியில் கீறுகிற மாதிரி, மேல்ஸ்தாயிகள் மட்டும் சிதறுகிற சத்தம். அதே சுரங்களை வாசித்தபடி வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விரல்பலகைப் பக்கம் நகர்த்தினாள். கூர்மை கழன்று, நடுவில் வயலின் வயலினாக ஒலித்து, அப்புறம் குழலோசையாக மெலிந்தது. மறுபடி பிரிட்ஜ் பக்கம். டிஜே ஒருவர் பாட்டை ஓடவிட்டு ஃபில்டர் குமிழைத் திருகும்போது என்ன நடக்குமோ அதை ஒரு வலது கை செய்கிறது, மின்சாரம் இல்லாமல். கறுப்பு விரல்பலகையில், வில்லில் பூசும் ரோசின் தூள் வெள்ளையாக விழுந்தது. வழக்கமாக வில் ஓடாத இடத்திலெல்லாம் விழுந்ததால் துணியெடுத்து அடிக்கடி துடைத்தாள். நமக்கு வில் நாதம் மாறாமல் ஓட வேண்டும், கமகம் முழுக்க இடது கையின் பொறுப்பு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே இடது கை ஓரமாக நிற்க, அசைவெல்லாம் வில்லில் இருக்கிறது. வயலினில் இப்படி ஒரு பாதை இருப்பதே எனக்கு இத்தனை வயதில் புதிது.

மே 21, ஃபிலடெல்ஃபியா

டவுன்டவுனில் பிராட் தெருவில் வில்மா தியேட்டர். 2017 செப்டம்பரில், ஆபரா ஃபிலடெல்ஃபியாவின் விழாவில், 'வீ ஷல் நாட் பி மூவ்ட்' முதலில் மேடையேறியது இங்கே. எழுத்து மார்க் பமூத்தி ஜோசப், அவரும் ஹெய்ட்டிய வம்சம்தான். இயக்கம் பில் டி. ஜோன்ஸ். இந்த ஊரின் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி உருவான படைப்பு. வீடில்லாமல், பள்ளியில்லாமல், போலீஸுக்குப் பயந்து ஓடும் ஐந்து பதின்ம வயதினர் காலியான வீடொன்றில் ஒளிகிறார்கள். அந்த இடத்தில் முன்பு எரிந்தவர்களின் ஆவிகள் நடனமாடி வருகின்றன. ஜான் ப்ளூ என்ற பாத்திரத்தைக் கவுண்டர்டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்குரல், பாடுகிறது. பேச்சுக் கவிதை, காஸ்பெல், ஆர் அண்ட் பி, ஆபரா எல்லாம் ஒரே மேடையில். ஆபரா என்றால் உடல்பெருத்த ராணிகள் சாகும் கதை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அந்த வீடு இருந்த இடம் 6221 ஓசேஜ் அவென்யூ.

பால்டிமோர் அவென்யூவில் போகும் டிராலியில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து வடக்கே நடந்தோம். மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் அமைதியான குடியிருப்பு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், முன்வாசலில் சாய்வு நாற்காலி, பூந்தொட்டி. தெருக்கோடியில் காப்ஸ் க்ரீக் பூங்காவின் மரங்கள்.

1985 மே 13. மூவ் என்ற கறுப்பின அமைப்பின் ஆட்கள் குடும்பமாக இந்த வீட்டில் இருந்தார்கள். ஒலிபெருக்கிச் சத்தம், குப்பை என்று அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள்மேல் நிறையப் புகார் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. கைது செய்ய வந்த போலீஸ் ஆயிரக்கணக்கான குண்டுகள் சுட்டது. சாயங்காலம் ஹெலிகாப்டரிலிருந்து கூரைமேல் வெடிகுண்டு போட்டார்கள். சொந்த ஊர் வீட்டின்மேல், சொந்த ஊர் போலீஸ். தீப்பிடித்தது. உடனே அணைக்காமல் எரியவிட்டார்கள். 11 பேர் செத்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். 61 வீடுகள் சாம்பல். அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தது ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும்தான். அரசு திரும்பக் கட்டிக்கொடுத்த வீடுகளும் தரமில்லாமல் போயின. நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். இறந்தவர்களில் ஒருவருடையது என்று கருதப்பட்ட எலும்புகள் பல வருடம் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கிடந்தது 2021-ல் வெளியே தெரிந்தது.

முனையில் நீலநிற வரலாற்றுப் பலகை. 2017-ல் வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் விடாமல் மனுப்போட்டு வரவழைத்தார்களாம். ஆபரா வந்ததும் அதே வருடம்.

தங்கை மகள் பலகையை இரண்டு தரம் படித்தாள். "இது எங்க ஸ்கூல் புக்குல எங்கேயும் இல்லையே பெரியம்மா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவ. ஒருத்தர்கூட சொல்லலையே." கோபம் குரலில் தெரிந்தது. எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையசைத்தார். போய் வணக்கம் சொன்னோம். அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவராக, "வெயில் அதிகம், தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டு இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு இயர்போனில் ஐந்தாவது குவார்டெட்டின் முதல் பகுதியைக் கேட்டோம். நகருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் என்பது அதன் தலைப்பு, ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழ மறுத்ததைப் பற்றியது. இசை அந்த முடிவைக் கத்திச் சொல்வதில்லை. ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே எது வந்து மோதினாலும் விடாமல் நிற்கிறது. 2005-ல் பஸ் இருக்கை, 2017-ல் ஒரு வீடு. இருக்கிற இடத்தை விட்டுப் போகச் சொன்னால் என்ன செய்வது என்பதையே இவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். தன் விஷயத்திலும் அப்படித்தான். டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்ற படுகொலையின் நூறாவது ஆண்டுக்காக 2021-ல் அவர் எழுதிய பாடலின் கடைசி வரியை மாற்றச் சொன்னார்கள். மறுத்தார். நிகழ்ச்சியிலிருந்து அந்தப் பாடலை எடுத்துவிட்டார்கள். அவர் ஜெ'நாய் பிரிட்ஜஸ் பாட, குறும்படமாக எடுத்து, அதே நினைவு நாளையொட்டி வெளியிட்டார். வரி அப்படியே இருந்தது.

திரும்பும் ரயிலில் அடுத்த பயணத்தைப் பேசி முடித்துவிட்டோம். பார்க்ஸ் உட்கார்ந்திருந்த பஸ் டெட்ராய்ட் பக்கம் டியர்போர்னில், ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஏறி அந்த இருக்கையையே பார்க்கலாம். அலபாமாவை விட்டு வந்தபின் 1957 முதல் 2005-ல் சாகும்வரை பார்க்ஸ் வாழ்ந்ததும் டெட்ராய்ட்தான். ருமேன் படித்த ஆன் ஆர்பர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் போகலாம் என்கிறாள், குளிரும், ஆனால் கூட்டம் இருக்காதாம். வயலினையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.